அத்தானுக்கு எடுத்த கோட்டு

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். போன மாதம் சொந்தத்தில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைப் பையன் கடையில் ரெடிமேடாக எடுத்த கோட்டைத் தன் உடம்புக்கு ஏற்றபடி பிடித்துத் தைக்கக் கொடுத்து, கண்ணாடி முன் நின்று தானே ரசித்து, தானே போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். அவன் உடம்பு, அவன் கோட்டு, அவன் ஆசை. அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்படியா இருந்தது? வைகாசி வெயிலில், ஃபேன் சுற்றியும் சுற்றாமலும் கிடக்கிற மண்டபத்தில், கனத்த துணிக்குள் ஒரு மனுசனைத் திணித்து, கழுத்தில் டையை மாட்டி, அதற்கு மேல் ரோஜா மாலையையும் போட்டு நிறுத்தி வைப்பார்கள். பவுடரோடு வேர்வை வழியும். போட்டோகிராபர் சிரிக்கச் சொல்வார். அந்தக் கோட்டை மாப்பிள்ளை கேட்டிருக்க மாட்டார், பெண்ணும் கேட்டிருக்க மாட்டாள். அது மாமனார்களுக்குள் நடந்த போட்டி. உங்கள் வீட்டு மாமனார்களைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தவரைப் பற்றி நன்றாகத் தெரியும். அவர் என் அப்பா.

அப்போது நான் பத்து வயதுச் சிறுமி. எங்கள் வீடு கீரமங்கலத்தில் பூக்கடைகளுக்குப் பின்னால் இருந்த தெருவில். விடியற்காலையில் மூட்டை மூட்டையாக மல்லிகையும் சம்பங்கியும் வந்து இறங்கும். எங்கள் வீட்டுச் சுவர்கூட அந்த வாசனையில் ஊறிப்போயிருந்தது. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு. தினமும் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் வருவார். ஜன்னல் ஓரத்து சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். இதை அவர் மரியாதை என்று நினைத்தார். தொல்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அப்பாவுக்கு ஒரு அண்ணன், தேங்காய் வியாபாரி. எனக்குப் பெரியப்பா. முந்தின வருடம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இன்ஜினியர், ஆறடி ஆள், கறுப்புக் கோட்டு. மண்டபத்தில் எல்லோரும் அந்தக் கோட்டைப் பற்றியே பேசினார்கள். சாப்பாட்டுப் பந்தியில்கூட அப்பாவுக்கு அந்தப் பேச்சுதான் பரிமாறப்பட்டது. அன்றைக்கே அவர் முடிவு செய்திருக்க வேண்டும். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே கோட்டைப் பார்த்துவிட்டார்.

அக்காவுக்கு அமைந்த மாப்பிள்ளை கட்டுமாவடிக்காரர். அந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே எடுத்து உள்ளே கொண்டுவந்து வைக்கப் போனார். எல்லோரும் பதறிப்போய் வாங்கினார்கள். ஒல்லியான ஆள். கழுத்துக்குக் கீழே தோள் இருப்பதே தெரியாமல் சரிந்து இறங்கும். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள்.

சித்திரையில் ஒருநாள் அப்பா, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனார். புடவை எடுக்க என்று நினைத்தோம். புடவையை அரை மணியில் எடுத்துவிட்டு மாடிக்கு ஏறினார். அங்கே ரெடிமேட் கோட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. அந்துருண்டை வாசனை. விற்பனைக்காரர் பணிவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை வந்திருக்காருங்களா சார்?"

"இல்ல. நான் பாத்து எடுத்தா போதும்."

"ஆளு எப்படி சார் இருப்பாங்க?"

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "நல்ல ஒயரம். தோளு நல்லா அகலமா இருக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தயங்கித் தயங்கி, "அந்தத் தம்பி ஒல்லியாத்தானங்க இருந்துச்சு" என்றார்.

"கல்யாணத்துக்குள்ள சதை போட்டுருவாரு. ஒனக்கு என்ன தெரியும்?"

கடைசியில் பாக்குக் கலரில், மெல்லிய கோடு போட்ட ஒரு கோட்டையும் பேன்ட்டையும் எடுத்தார். அவ்வளவு பெரிய கோட்டை எடுத்ததற்கு ஒரே காரணம், அதற்கு முந்தின சைஸ் அவர் கண்ணுக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்ததுதான். அந்த விற்பனைக்காரர் ஒரு ஹேங்கரையும் ப்ளாஸ்டிக் உறையையும் கூடக் கொடுத்தார். ஊர் வரும்வரை அப்பா அதை மடியில் கிடத்தி வைத்திருந்தார். என் தலை அதில் படக்கூடாது என்று என்னை அந்தப் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் கூடை நிறைய கருவாடும், எனக்கு ஒரு சங்கும் கொண்டுவந்தார். சங்கைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லிவிட்டு, அந்தச் சத்தம் கடல் சத்தம் இல்லை, நம்மைச் சுற்றி இருக்கிற சத்தம்தான் உள்ளே போய்த் திரும்பி வருகிறது என்று விளக்கினார். மற்ற பெரியவர்கள் எல்லோரும் கடல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சாப்பாடு முடிந்ததும் அப்பா கோட்டை எடுத்து வந்தார். மாப்பிள்ளை ஒரு நிமிடம் அதையே பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு மாமா? எனக்குப் பழக்கமில்ல."

"சும்மா போடுங்க மாப்ளே. வீட்டுல ஆசைப்படுறாங்க."

அவர் போட்டுக்கொண்டார். கை முழுக்க உள்ளே போய் விரல் நுனி மட்டும் தெரிந்தது. தோள்பட்டை இரண்டு பக்கமும் வெறுமையாக நீட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்தா பெரியப்பா வர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார்.

"என்னடா, கோட்டு மட்டும் நிக்கிது. தம்பி உள்ள இருக்காரா?"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூட அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. பெரியப்பா சொன்னது கேலி, அது அவருடைய குணம். ஆனால் தன் வீட்டுக்கு வந்த மனுசனைப் பார்த்துத் தானும் சேர்ந்து சிரித்து, நானும் உன் கட்சிதான் என்று அண்ணனுக்குக் காட்டிக்கொண்டார் அப்பா. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். அறைக்குள் அக்கா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது என் கையில் இருந்த சொம்பை வாங்கி, வெளியே வழிந்திருந்த தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் எடுத்தது தப்பு என்று ஆகிவிடும். அதனால் கோட்டு தப்பில்லை, ஆள்தான் தப்பு என்று அப்பா முடிவு செய்தார். ஒரு டப்பா சத்து மாவு வாங்கிக் கட்டுமாவடிக்குக் கொடுத்தனுப்பினார். குதிகால் உயர்ந்த ஷூ ஒன்று பார்த்து வைத்தார். கோட்டைப் பிடித்துத் தைக்க, புதுக்கோட்டையில் ஒரு டைலரைப் பிடித்தார்.

அந்த டைலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பம்பாயில் தொழில் பழகியவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். பேச்சில் பம்பாய் தெரியும், தையலில் தெரியாது. கடை ரோட்டைப் பார்த்துத் திறந்த கடை. ஒரு மர ஸ்டூல், ஒரு ஆளுயரக் கண்ணாடி, மூலையில் துணி மாற்ற ஒரு திரை. திரையை இழுத்தால் பாதி வரைதான் வரும். கஞ்சி போட்ட கேன்வாஸ் துணியின் வாடையும் இஸ்திரிப் பெட்டிக் கரியின் வாடையும் கலந்து வரும்.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் அப்பா ஒவ்வொரு தடவையும் என்னைக் கூட்டிப் போவார். முதல் தடவை மாப்பிள்ளை கட்டுமாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். டைலர் அவரை ஸ்டூல் மேல் ஏறச் சொன்னார். கோட்டை மாட்டினார். சுற்றி வந்து பார்த்தார். பிறகு அவரிடம் பேசாமல் அப்பாவிடம் பேசினார்.

"தோள்பட்டைங்கறது நமக்கு இல்ல சார். வச்சுத்தான் கட்டணும்."

"கட்டு."

"இடுப்ப உள்ள பிடிச்சிருவோம். கைய ஏத்திருவோம். நெஞ்சுக்குக் கேன்வாஸ் கொடுத்துத் தூக்கி விட்டுருவோம்."

"முதுகு கொஞ்சம் கூனுதே?"

"அது ஆளோட கோளாறு சார். துணியில ஒண்ணும் இல்ல."

சந்தையில் கன்றுக்குட்டி வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதும் முதுகைத் தட்டுவதும் இப்படித்தான் இருக்கும். கன்றுக்குட்டிக்கு அது புரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்க் கடை ஆள் ஒருவர் டீ கிளாஸோடு வந்து, காலரையும் கவனிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. டைலர் திரும்பச் சொன்னால் திரும்பினார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார்.

இரண்டாவது தடவை போனபோது டைலர் ஒரு கையை அளவுக்கு மேல் குறைத்திருந்தார். மறுபடி பிரித்து, மடிப்பை விட்டு, வேறு துணி ஒட்டுப் போட வேண்டும் என்றார். அதற்கும் அவர் சொன்ன காரணம், மாப்பிள்ளையின் வலது கை இடது கையைவிட நீளம் என்பது. அப்பா அதை நம்பினார். பஸ்ஸில் திரும்பும்போது, "கை ரெண்டும் ஒண்ணா இல்லையாமே" என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லி வருத்தப்பட்டார். தன் மருமகனாகப் போகிறவரின் உடம்பை இப்படி ஊர் முழுக்க ஏலம் போடுகிறோமே என்று அவருக்கு ஒரு துளியும் தோன்றவில்லை.

மூன்றாவது தடவைதான் அது முடிந்தது.

அன்றைக்கு அனல் காற்று. மாப்பிள்ளை வழக்கம்போல ஸ்டூல் மேல் நின்றார். தோள் இரண்டிலும் பஞ்சு வைத்து, குண்டூசி குத்தி வைத்திருந்தார்கள். "கைய மடக்கிராதீங்க, ஊசி ஏறிரும்" என்று டைலர் எச்சரித்திருந்ததால், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அப்போது ரோட்டில் ஒரு பையன் நின்றான். கூட அவனுடைய அப்பா, அம்மா. துணி எடுக்க டவுனுக்கு வந்தவர்கள் போல.

"சார், வணக்கம் சார்" என்றான் பையன்.

அவர் வகுப்புப் பையன். மாப்பிள்ளையால் கை கூப்ப முடியவில்லை. விரித்த கையோடேயே தலையை மட்டும் ஆட்டினார். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கெட்ட பிள்ளை இல்லை, யாருக்கும் சிரிப்பு வரும். அவனுடைய அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் போன திசையையே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, திரைக்குப் பின்னால் போனார்.

அப்பாவுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. டைலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தியதாக அவர் நினைத்திருக்கலாம்.

"பஞ்சை இன்னும் நல்லா வச்சு அடிப்பா. மேடையில ஏறினா ஆம்பள மாதிரி தெரியணும். இல்லாட்டி எங்க அண்ணன் முன்னாடி நான் தலை நிமித்த முடியாது."

திரை பாதிக்கு மேல் மூடாது என்று சொன்னேன் அல்லவா. அவர் வெளியே வந்தார். கோட்டைக் கையில் வைத்திருந்தார். குண்டூசிகள் ஆட்டம் காணாமல் பார்த்து ஹேங்கரில் மாட்டினார். பொத்தானைக்கூடப் போட்டுவிட்டார். பிறகு அப்பாவிடம் வந்து, கோபம் என்று சொல்ல முடியாத ஒரு குரலில் பேசினார்.

"மாமா, கோட்டு நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஏத்த ஆளாப் பாத்துக்கங்க. நான் வாரேன்."

என் தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா ஹேங்கரில் தொங்கிய கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டைலரிடம், "வெயிலு. தலைக்கு ஏறியிருச்சு" என்றார். டைலரும் ஆமாம் என்றார். இருவரும் ஃபேனைப் பெரிதாக வைத்துக்கொண்டு சோடா குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்ன கதை வேறு. மாப்பிள்ளை வீட்டார் பேசினதற்கு மேல் கேட்கிறார்கள், மோட்டார் சைக்கிள் வேண்டுமாம், நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், பேராசைக்காரக் குடும்பம், நல்லவேளை இப்போதே தெரிந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லி அனுப்பாமலே பெரியப்பா வந்து சேர்ந்தார். துக்கம் விசாரிக்கிற முகம், உள்ளே குதூகலம்.

"விடுறா. ஆலங்குடியில எனக்குத் தெரிஞ்ச காண்ட்ராக்டர் மகன் இருக்கான். ஆளு மலை மாதிரி இருப்பான். மண்டபம் பேசியாச்சு. பத்திரிகையில பேர மட்டும் மாத்தி அடிச்சாப் போதும். கோட்டும் வீணாப் போகாது."

கோட்டும் வீணாகப் போகாது. என் காதால் கேட்டேன். அதற்கு அப்பா யோசனையாகத் தலையாட்டியதையும் பார்த்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டு கிழவர்கள் நடுவில் இப்படித்தான் பேசி முடிக்கப்பட்டது. கிழவர்கள் என்கிறேன், அப்போது அவர்களுக்கு என் இப்போதைய வயதைவிடக் குறைவு. அது இன்னும் மோசம்.

அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ கூடத்தான போயிருந்த. மோட்டார் சைக்கிள் கேட்டாரா?"

"இல்ல."

"வேற என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு."

நான் ஸ்டூல், டைலர், பையன், பஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னதை அவர் மாதிரியே சொன்னேன்.  'ஆம்பள மாதிரி' என்பதை மட்டும் அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அப்பா வேலைக்குப் போன ஒரு நாள் காலையில், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். எந்தக் கோயில் என்று அம்மா கேட்கவில்லை. ஒரு தூக்கில் தயிர்ச் சோறும் மாவடுவும் கட்டிக் கொடுத்தார். "கடக்கர ஓரம் வெயிலு சாஸ்தியா இருக்கும். தலைக்குத் துணியப் போட்டுக்கங்க" என்றார். அம்மாவின் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பேராவூரணியில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். கட்டுமாவடி வருவதற்கு முன்பே மீன் வாடை வந்துவிட்டது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சயின்ஸ் வாத்தியார் வீடு எங்கே என்று அக்கா கேட்டாள். அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அவருக்கு யாரு?"

அக்கா தயங்கவில்லை. "அவரு கட்டிக்கப் போற பொண்ணு."

"அப்ப இங்கிட்டு வாங்க" என்று கையை உதறிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

ஒரு புங்க மரத்தடியில், பரீட்சையில் தவறிப்போன பிள்ளைகளை உட்கார வைத்து அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வேட்டியும் பனியனும். தோளில் ஒரு துண்டுகூட இல்லை. எங்களைப் பார்த்ததும் சட்டையைத் தேடினார். அது வீட்டுக்குள் இருந்தது. பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அப்படியே எழுந்து வந்தார்.

அக்கா நேராகக் கேட்டாள். "அந்தக் கோட்ட நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"நீங்க ஆசைப்படுறதா மாமா சொன்னாங்க."

"நானா?"

"கோட்டு போட்டுத்தான் மேடை ஏறணும்னு பிடிவாதமா இருக்கீங்கன்னு. முதல் நாளு சொன்னாங்க. அப்பறம் ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல." அவரை நேராகப் பார்த்து, "நீங்களும் கேக்கல" என்றாள்.

அவர் காலடியில் கிடந்த ஒரு புங்கங்காயைக் குனிந்து எடுத்தார்.

"அத்தன தடவ ரோட்டப் பாத்து நிக்க வச்சாங்களாமே. என்னய ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. கேட்டா ஆமான்னு சொல்லிருவீங்களோன்னு பயம்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். பிள்ளைகள் எல்லாம் கணக்கை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"அதே முகூர்த்தத்துக்கு வேட்டி சட்டையோட வாறீங்களா?"

"உங்க அப்பா?"

"அவரு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நான் இருப்பேன்."

நாங்கள் தயிர்ச் சோற்றை அந்த மரத்தடியில்தான் சாப்பிட்டோம். அவர் வீட்டிலிருந்து மீன் வறுத்து வந்தது.

சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொல்லிவிட்டாள். "கட்டுமாவடிக்குப் போயிட்டு வந்தேன்."

அப்பா கேட்ட முதல் கேள்வி, "யாரு பாத்தா?" என்பது. எதற்குப் போனாய் என்று இல்லை, என்ன ஆயிற்று என்று இல்லை.

"ஊரே பாத்துச்சு" என்றாள் அக்கா. "எம்பேரச் சொல்லி அவருகிட்ட பொய் சொல்லிருக்கீங்க. எங்ககிட்ட வந்து அவரு பேரச் சொல்லிப் பொய் சொல்லிருக்கீங்க. நான் அவரத்தான் கட்டிக்கப் போறேன். நீங்க வந்து நின்னா உங்களுக்கு மரியாத."

அப்பா கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்து நின்றார். ஓங்கிய கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது. பிறகு அதை வைத்துத் தலையைத் தடவிக்கொண்டார்.

அவர் மனம் திருந்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். மண்டபம் பேசியாயிற்று, சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று, ஆபீசில் பாதிப் பேருக்குப் பத்திரிகை கொடுத்தாயிற்று. கல்யாணம் நின்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் கேவலமானது. இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எழுந்து ஊருக்குள் வேறு ஒரு பாட்டைப் பாட ஆரம்பித்தார். "எங்க மாப்பிள்ளைக்கு இந்த வெள்ளக்காரன் உடுப்பெல்லாம் ஆகாதாம். கொள்கைக்காரரு. எளிமையான மனுசன்." பெரியப்பாவிடமும் இதையே சொன்னார். சொல்லும்போது பெரியப்பாவுடைய மருமகனின் கறுப்புக் கோட்டைக் குத்திக் காட்டுவது மாதிரி ஒரு சிரிப்பு. தோற்ற இடத்தில் படுத்துக்கொண்டே ஜெயித்துவிட்டதாகச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அந்தக் கோட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பா அதே டைலரிடம் போய், அதைத் தனக்கு மாற்றித் தரச் சொன்னார். இடுப்பைப் பிடித்தபோது மிச்சத் துணியை அந்த ஆள் வெட்டிப்போட்டிருந்தார். பிரித்து விட ஒன்றும் இல்லை. அப்பாவின் வயிற்றுக்கு மேல் கோட்டு மூடவே மூடாது. பொத்தான் போடாமல் அதை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் தோளுக்காக வைத்த பஞ்சு காது வரைக்கும் ஏறி நிற்க, ரிசப்ஷனில் முதல் ஆளாக நின்று எல்லோரையும் வரவேற்றார். அக்காவும் அத்தானும் பட்டுப் புடவையும் வேட்டி சட்டையுமாகக் காற்றாட நின்றார்கள். அப்பா மட்டும் நனைந்து ஒழுகினார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அத்தான் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலேயே வேலை பார்த்து, தலைமையாசிரியராக ரிட்டையர் ஆனார். இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். அக்காவும் அவரும் சண்டை போட்டு நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர்களில் ஒருவர் மற்றவர் சார்பில் பேசிப் பார்த்ததில்லை. "அவளக் கேட்டுச் சொல்றேன்" என்பார் அத்தான். எதுவாக இருந்தாலும், யார் கேட்டாலும்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவர் கட்டுமாவடியில் அக்கா வீட்டில்தான் கடைசி வருடங்கள் இருந்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முகச்சவரம் எல்லாம் அத்தான்தான். பேச்சு மட்டும் அப்பாவுக்குக் கடைசி வரை விழவில்லை. விழுந்திருக்கலாம்.

ஒருநாள் நான் போயிருந்தபோது, அவரோடு வேலை பார்த்த பழைய குமாஸ்தா ஒருவர் பார்க்க வந்திருந்தார். அத்தான் அப்பாவின் தாடையில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தார். வந்தவர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், "இப்படி ஒரு மருமகன் அமையணுமே சார்" என்றார்.

அப்பா நுரைக்குள்ளிருந்து சொன்னார். "ஆளப் பாத்த ஒடனே நான் எட போட்டுருவேன். அன்னிக்கு வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்கல. ஒல்லியா இருக்காரு, அப்படி இப்படின்னாங்க. இந்தப் பையன்தான்னு நான் ஒருத்தன்தான் ஒத்தக்கால்ல நின்னேன்."

"தலைய ஆட்டாதீங்க மாமா. வெட்டிரும்" என்றார் அத்தான். அவ்வளவுதான் சொன்னார்.

வந்தவர் கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்து, "அப்பாவுக்கு அந்தக் காலத்துலயே எம்புட்டுத் தெளிவு பாருங்கம்மா" என்றார். அக்கா, "ஆமாங்க. இருங்க, காப்பி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பின்னாலேயே போனேன்.

"கூசாம பொய் சொல்றாரு. நீயும் ஆமாங்கற. இப்பவாவது ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அத்தான வச்சுக்கிட்டே சொல்றாருக்கா."

அக்கா பாலை இறக்கி வைத்தாள். டிகாஷனை ஊற்றினாள். அவள் முகத்தில் கோபம் இருக்கும், வருத்தம் இருக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரொம்ப வருடங்களுக்கு முன்பே துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"அவருக்குப் பதில் சொல்லணும்னா, மொதல்ல அவர ஒரு ஆளா மதிக்கணும்டி" என்றாள். "அத நான் அன்னிக்கே விட்டுட்டேன்."

இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றி, ஒன்றில் மட்டும் சீனியைக் குறைத்துப் போட்டாள். நன்றாக ஆற்றி, சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது அப்பாவுக்கு. சூடு இருந்தா அவரால குடிக்க முடியாது. கொண்டுபோய்க் குடு."